பேராக்கை எழுதுவது யார் காசில்?

பேராக் மாநிலத் தலைநகர் ஈப்போவைப் பற்றிக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பயணக் கட்டுரைகளை அடுக்கிவைத்துப் படித்தால், ஒரே கட்டுரையைப் பலர் எழுதியிருப்பது போலத் தோன்றும். கட்டடக் கலைஞர் ஹப்பேக் வரைந்து 1917இல் கட்டி முடிக்கப்பட்ட ரயில் நிலையம், வெள்ளைக் காப்பி, தவுகே கோழிச் சோறு, பழைய நகரத்துச் சந்து, சுவரோவியம், கடைசியில் ஒரு குகைக் கோயில். எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 2010இல் இ.டி.எஸ். மின்ரயில் ஓடத் தொடங்கியதும் கோலாலம்பூர்க்காரர் காலையில் ஏறி, ஈப்போவில் மதியச் சாப்பாடு முடித்து, இரவுக்குள் வீடு திரும்ப வழி பிறந்தது. 2014இல் எர்னெஸ்ட் சக்கரேவிக் என்ற லித்துவேனிய ஓவியர் ஒரு காப்பி நிறுவனத்துக்காகப் பழைய நகரச் சுவர்களில் படம் வரைந்தார். 2016இல் லோன்லி பிளானட், ஆசியாவில் பார்க்க வேண்டிய பத்து இடங்களில் ஈப்போவையும் சேர்த்தது. ஒரு நாளில் பார்த்துவிட்டுப் போகிறவர் எழுதும் கட்டுரையில் அந்த ஒரு நாள்தான் இருக்கும்.

அந்த ஒரு நாளைத் தாண்டிப் பேராக்கில் எழுதுவதற்கு விஷயம் இல்லையா? கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கச் சுண்ணாம்புக் குன்றுகள். லெங்கோங்கில் பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடு கிடைத்தது. 2012இல் அந்தப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. வடக்கே பெலும்-தெமெங்கோர் காட்டில் மலேசியாவின் பத்து வகை இருவாச்சிகளும் உண்டு. மாத்தாங்கில் நூறு ஆண்டுக்கு மேலாகத் திட்டமிட்டுப் பராமரிக்கப்படும் சதுப்புநிலக் காடு, பக்கத்திலேயே கோல செப்பேத்தாங்கின் கரிச்சூளைகள். சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இன்று செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்ட நிலம். நாட்டிலேயே அதிகத் தமிழ்ப்பள்ளிகள், 130க்கும் மேல், இந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன.

ஆக, விஷயத்துக்குப் பஞ்சமில்லை. இந்த மண்ணில் இருந்துகொண்டு பயணம், இயற்கை, பண்பாடு என்று எழுதி ஒரு சுயேச்சைச் செய்தியாளர், அதுவும் தமிழில் எழுதுகிறவர், பிழைக்க முடியுமா? இதுவரை எழுதியவர்கள் எதைக்கொண்டு பிழைத்தார்கள்? காசு வந்த இடத்துக்கும் அவர்கள் கண்ணில் பட்டதற்கும் என்ன தொடர்பு? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுயேச்சை எழுத்து என்று நாம் கொண்டாடும் எதுவும் சும்மா வந்ததில்லை. வேறு ஏதோ ஒரு பை அதற்குச் செலவு செய்திருக்கிறது. பேராக் தோட்டங்களை எழுத மட்டும் அப்படி ஒரு பை இன்னும் முறையாக வாய்க்கவில்லை.

பேராக்குக்கு வந்த பயண எழுத்தாளர்களில் முன்னோடி என்று இசபெல்லா பேர்டைச் சொல்லலாம். இங்கிலாந்துப் பாதிரியார் ஒருவரின் மகள். 1879 தொடக்கத்தில் பினாங்கு வழியாக லாருட் வந்து, தைப்பிங்கில் தங்கி, யானை மேல் ஏறிக் கோலகங்சார் போய்ச் சேர்ந்தார். அங்கே ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. பேர்ட் போன நேரத்தில் அவர் வீட்டில் இல்லை. விருந்தாளிக்குப் போட்ட சாப்பாட்டு மேசையில் கூட உட்கார்ந்து சாப்பிட்டவை லோ வளர்த்த இரண்டு குரங்குகள். ஸ்காட்லாந்தில் இருந்த தங்கை ஹென்றியெட்டாவுக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினார். 1883இல் லண்டனின் ஜான் மர்ரே பதிப்பகம் அந்தக் கடிதங்களை நூலாகக் கொண்டுவந்தது. குரங்கு விருந்து இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

இரண்டு விஷயங்களை இங்கே கவனிக்க வேண்டும். பேர்டுக்குக் கொஞ்சம் குடும்பச் சொத்து இருந்தது, நம்பி அச்சிட ஒரு பதிப்பகமும் இருந்தது. தங்கிய இடமோ பெரும்பாலும் காலனி அதிகாரிகளின் வீடு, ஏறிய யானை அவர்கள் ஏற்பாடு. விருந்தோம்பல் அப்படி என்றால் பார்வையும் அந்த வராந்தாவிலிருந்துதான் விரியும். கரையோர ஊர்களில் தமிழர்களைப் பார்த்து, அவர்கள் உடையையும் நடையையும் ரசித்து எழுதிய பேர்ட், அவர்கள் என்ன கூலிக்கு வந்தார்கள் என்று விசாரிக்க அதிகம் மெனக்கெடவில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் சுவையானது. பேர்ட் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1877இல், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்திருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து அள்ளிவந்த விதைகளில் முளைத்தவை அவை. அவற்றில் சில கோலகங்சாருக்கு வந்து, ஹியூ லோவின் பங்களாத் தோட்டத்தில் நடப்பட்டன. குரங்குகளோடு விருந்து நடந்த வீட்டைச் சுற்றித்தான், அடுத்த நூறு ஆண்டுகளுக்குப் பேராக்கின் முகத்தையே மாற்றப்போகும் மரங்கள் இடுப்புயரமோ தலையுயரமோ வளர்ந்து நின்றன. அக்கன்றுகளில் எஞ்சிய ஒரு மரம் கோலகங்சார் நில அலுவலகத்துப் பக்கம் வேலிக்குள் இன்றும் நிற்கிறது. சுற்றுலா வண்டிகள் அங்கே நிற்கும், படம் எடுப்பார்கள், கிளம்புவார்கள். மரத்தடியில் இருக்கும் பலகை, செடி வந்த கதையைச் சொல்கிறது. அந்தச் செடிக்குப் பின்னால் கப்பலேறி வந்த சனங்களின் கதைக்குப் பலகை கிடையாது.

அந்தக் கதை, சுருக்கமாக: 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை 1938 வரை நீடித்தது. அந்த ஆண்டு இந்திய அரசு கூலியாட்கள் உதவிபெற்று மலாயா போவதைத் தடை செய்தது. அதற்குள் பேராக்கின் தோட்டங்கள் தமிழ் ஊர்களாகவே ஆகியிருந்தன. லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், எல்லையில் ஒரு முனீஸ்வரன். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. அதையும் சேர்த்து, இருபதாம் நூற்றாண்டு மலாயாவின் பெரிய சம்பவங்கள் பல இந்தக் கித்தாக் காட்டுக்குள்தான் நடந்தன. பயணக் கட்டுரைகள் காட்டைச் சாலையிலிருந்து பார்த்தன; வரிசை வரிசையாக மரங்கள் என்று எழுதிவிட்டு நகர்ந்தன.

பத்து காஜாவுக்குப் போகும் வழியில் இருக்கும் கெல்லி மாளிகை இதற்கு நல்ல சாட்சி. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915 வாக்கில் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்ததால் முடிக்காமல் விட்ட வீடு. கட்டுமான வேலைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து தமிழர்களைத் தருவித்தார். இந்த மாளிகையை எழுதாத பயண எழுத்தாளர் இல்லை. பேய், சுரங்கம், மின்தூக்கிக்கென்று விட்ட குழி, மனைவி மேல் வைத்த காதல், எல்லாம் எழுதியாயிற்று. கொஞ்ச தூரத்தில், வேலையாட்களுக்காக எழுப்பப்பட்ட மாரியம்மன் கோயில் இருக்கிறது. மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். தெய்வங்களின் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே தொப்பியும் வெள்ளை உடுப்பும் போட்ட ஒரு துரை நிற்கிறார். ஸ்மித்தைத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது ஊர் வழக்கு. நோய்க்காலத்தில் கோயில் கட்ட இடமும் பணமும் தந்த முதலாளிக்குக் காட்டிய நன்றி என்பார்கள். எனக்கு அதில் நன்றி மட்டும் தெரியவில்லை; துரையைக் காவல் தெய்வ வரிசையில் நிறுத்தி, இனி எங்களைப் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு என்று சொல்லும் சாமர்த்தியமும் தெரிகிறது. இது ஒரு நீளமான கட்டுரைக்குரிய விஷயம். மாளிகைக் கட்டுரைகளில் கோயிலுக்குக் கிடைப்பது கடைசிப் பத்தியில் ஒரு வரி.

தமிழில் இந்தத் தொழில் எப்படி நடந்தது என்று பார்க்கக் கொஞ்சம் கடல் தாண்ட வேண்டும். பயண எழுத்தில் நமக்குப் பெரியவர் ஏ.கே. செட்டியார். கோட்டையூரில் பிறந்து, தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்து, ரங்கூனில் ‘தன வணிகன்’ இதழை நடத்தி, காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக உலகைச் சுற்றியவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940இல் வந்தது. நம் பக்கமும் அவர் கால் பட்டிருக்கிறது. அவருடைய ஒரு நூலின் பெயரே ‘மலேயா முதல் கனடா வரை’. 1943இல் தொடங்கிய ‘குமரி மலர்’ இதழை இறக்கும் காலம் வரை நடத்தினார். அவர் சுயேச்சையாக எழுதியவர், உண்மைதான். ஆனால் செட்டிநாட்டுச் சமூகம் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் விரித்திருந்த உறவுவலை அவருக்குப் பின்னால் இருந்தது. அந்த வலை எட்டிய துறைமுகத்தில் இறங்கினால் ஒரு கிட்டங்கி, ஒரு வேளைச் சாப்பாடு, அடுத்த ஊருக்கு ஓர் அறிமுகக் கடிதம் கிடைக்கும்.

இயற்கை எழுத்தில் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. சந்தூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்ததும் வேலையை விட்டுச் சென்னை திரும்பி, மீதி வாழ்நாளை எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே ஓட்டினார். 1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ ஏட்டில் தொடங்கிய பத்தி 1996இல் அவர் இறந்த நாள் வரை வந்தது. 46 ஆண்டுகள்! கூட்டிச் சேர்த்த உதிரிப் பாகங்களால் ஆன கேமரா, கறுப்பு வெள்ளைப் படம் மட்டும், தலையங்கம் எழுதும் கூட்டத்தோடு ஒட்டாத பிடிவாதம். அவரைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் பிடிவாதத்தைப் பார்க்கிறார்கள், பத்தியைப் பார்ப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எழுதினால் அச்சாகும், அச்சானால் பணம் வரும் என்ற உறுதி இருந்ததால்தான் அவர் அணிலையும் காகத்தையும் பற்றி அவசரமில்லாமல் எழுதினார். அந்த உறுதி ஆங்கில ஏட்டிலிருந்து வந்தது. தமிழிலும் அருமையாக எழுதினார்; ‘மழைக்காலமும் குயிலோசையும்’ தொகுப்பு அதற்குச் சாட்சி. அதைத் தொகுத்த சு. தியடோர் பாஸ்கரனும் தமிழ்ச் சூழலியல் எழுத்தின் முதல் வரிசைக்காரர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது இந்திய அஞ்சல் துறை.

பேராக் பிள்ளை ஒருவரும் இந்த வரிசையில் வருகிறார், மொழி வேறு என்றாலும். ரெஹ்மான் ரஷீத் 1955இல் தைப்பிங்கில் பிறந்தவர், கோலகங்சார் மலாய்க் கல்லூரி மாணவர், படித்தது கடல் உயிரியல். ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ ஏட்டில் புகழ்பெற்ற பத்தியாளராக இருந்து, 1988இல் நாட்டைவிட்டுக் கிளம்பி ஹாங்காங்கின் ‘ஏசியாவீக்’, பிறகு பெர்முடா என்று போனார். திரும்பி வந்து நாட்டைச் சுற்றிய பயணத்தையும் தன் வாழ்க்கையையும் பின்னி எழுதிய ‘எ மலேசியன் ஜர்னி’ 1993இல் வந்தது. அதைத் தானே பதிப்பித்தார். நூல் ஓடியது, பல பதிப்புகள் கண்டது. மலேசியாவைப் பற்றி மலேசியர் எழுதிய பயண நூல்களில் அதற்கு இணை சொல்வது கடினம். ஆனால் அதுவும் பத்து ஆண்டுக்கு மேல் நிரந்தரப் பத்திரிகைச் சம்பளம் வாங்கி, பெயர் சம்பாதித்து, அதன்பின் போட்ட பந்தயம். 2017இல் அவர் மறைந்தார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மலேசியத் தமிழ்ப் பத்திரிகைக்கு நூற்றாண்டு கண்ட பாரம்பரியம் உண்டு. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் மூடப்பட்டது. இன்று ‘மலேசிய நண்பன்’, ‘மக்கள் ஓசை’, ‘தமிழ் மலர்’ போன்றவை வருகின்றன. இந்த ஏடுகள் வளர்த்தது பெரும்பாலும் சிறுகதையையும் கவிதையையும். ‘தமிழ் நேசன்’ 1950 வாக்கில் கதை வகுப்பே நடத்தியது, பின்னாளில் நல்ல கதைக்குப் பவுன் பரிசு கொடுத்தது. நேரில் போய்ப் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்து எழுதும் கட்டுரைக்கு அப்படி ஒரு வகுப்போ பவுனோ வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சை. பீர்முகம்மதுவின் ‘மண்ணும் மனிதர்களும்’ போன்ற பயண நூல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விளைவு என்னவென்றால், தோட்டத்து வாழ்க்கை நம்மிடம் கதையாக இருக்கிறது. அ. ரெங்கசாமியும் ஆர். சண்முகமும் ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயிலை நாவலாக்கினார்கள். ஈப்போவில் வளர்ந்த பிரீதா சமரசன் ஒரு ஈப்போத் தமிழ்க் குடும்பத்தை 2008இல் ஆங்கில நாவலாக்கினார். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு துண்டாடப்பட்டது, கோயில் எங்கே போனது, பள்ளி எங்கே நகர்ந்தது என்று தேதியோடு எழுதிய கட்டுரை அபூர்வம்.

எழுதியவர்கள் யார் என்று பார்த்தாலே காரணம் புரியும். ரெங்கசாமி பள்ளி ஆசிரியர். ரெ. கார்த்திகேசு பினாங்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர். மா. சண்முகசிவா மருத்துவர். மலேசியத் தமிழ் எழுத்தைத் தோளில் சுமந்தது ஆசிரியர் சமூகம்தான். அவர்களுக்குப் பள்ளி விடுமுறையும் மாலை நேரமும் இருந்தன. கதை அந்த நேரத்துக்குள் அடங்கும். ஒரு தோட்டத்துக்கு நாலு தடவை போய், மாவட்ட அலுவலகத்தில் பழைய வரைபடம் கேட்டு, மருத்துவமனையில் கிடக்கும் முன்னாள் கிராணி ஒருவர் பேசும் நிலைக்கு வரும்வரை காத்திருந்து எழுதும் வேலை அடங்காது. அதற்கு வார நாள்கள் வேண்டும். வார நாள்களுக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும்.

யார் கொடுக்கிறார்கள்? ஞாயிறு பதிப்புகளுக்கு வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெயர் வந்தால் போதும் என்று எழுதுகிறார்கள். கொடுக்கிற ஏடு கொடுப்பதும் பெட்ரோலுக்கும் பசியாறவும் ஆகும். ஏடுகளின் நிலையையும் பார்க்க வேண்டும். விளம்பரம் கைபேசிக்குப் போய்விட்ட காலத்தில் நிரந்தர நிருபருக்கே சம்பளம் போடத் திணறுகிறவர்களிடம் போய்க் கட்டுரைச் சன்மானம் கேட்பது எப்படி? புதிதாக ஓர் அச்சு இதழ் தொடங்கலாம் என்றால் 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கெடுபிடி 2012இல் தளர்ந்தது, உரிமம் வாங்கும் கட்டாயம் அப்படியேதான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவருக்கு வழி கொஞ்சம் அகலம். கோலாலம்பூர் நாளேடுகளின் பயணப் பக்கம், விமான இருக்கைக்கு முன் செருகியிருக்கும் இதழ், வெளிநாட்டு வழிகாட்டி நூல் இவையெல்லாம் பணம் தரும். கூடவே மாநிலச் சுற்றுலாத் துறையும் ஓட்டல்களும் கூட்டிப்போகும் இலவசப் பயணம். பேராக்குக்கு வாருங்கள் ஆண்டு என்று 2017, 2024 இரண்டிலும் விழா எடுத்தார்கள். அறை, சாப்பாடு, வண்டி, வழிகாட்டி எல்லாம் கிடைக்கும். பேர்ட் ஏறிய யானைக்கும் இந்த வண்டிக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. நிறுத்துகிற இடத்தில்தான் இறங்க முடியும். பொய் எழுத வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. நிரல் காலை எட்டிலிருந்து இரவு பத்து வரை நிரம்பியிருக்கும், அவ்வளவுதான்.

சுண்ணாம்புக் குன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிரலில் குகைக் கோயில் இருக்கும், கல்லுடைக்கும் இடம் இருக்காது. ஈப்போவுக்கு வடக்கே செம்மோர் பக்கம் இருக்கும் குனோங் கந்தானில் ஒரு பக்கம் சிமெண்டுக்காகக் கல் எடுக்கிறார்கள். அதே குன்றில் உலகில் வேறெங்கும் அறியப்படாத உயிர்கள் சில இருக்கின்றன. 2014இல் அங்கே கண்டறிந்த ஒரு சின்ன நத்தைக்கு அறிவியலாளர்கள் அந்தச் சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள்: கரோபா லஃபார்கி. உன் பேர் கொண்ட உயிரை நீயே அழிப்பாயா என்ற கேள்வி அதில் ஒளிந்திருக்கிறது. கெல்லி மாளிகைக் கோயிலில் துரையைத் தெய்வத்தோடு நிறுத்திய புத்தியும் இந்தப் புத்தியும் பக்கத்துப் பக்கத்து வீடு. தமிழருக்கும் இந்தக் குன்றுகளோடு சம்பந்தம் உண்டு. ஈப்போ தைப்பூசத்தின் கல்லுமலைக் கோயில் குனோங் செரோ குன்றின் அடியில்தான் இருக்கிறது. அதே குன்றிலிருந்து 1973இல் பெரும்பாறை சரிந்து சுமார் 40 பேர் மாண்டார்கள். காவடி பற்றி ஆண்டுதோறும் கட்டுரை வருகிறது. அந்தப் பாறையைப் பற்றி வருவது அபூர்வம்.

காசு ஒரு பக்கம் என்றால் எழுதியதன் உரிமை இன்னொரு பக்கம். எழுதுகிறவர் சட்டத்தைப் படிப்பதில்லை, அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதிக்கொடுத்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே மாறிவிட்டதாகக் கருதப்படும். அதாவது ஓர் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, ஐயா, அந்தத் தோட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொடுங்கள் என்றால், எழுதிக்கொடுத்த பிறகு அது சட்டப்படி அவர்களுடையது. நூலாகத் தொகுக்க அவர்களைக் கேட்க வேண்டும். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிலிருந்து எழுதிக்கொடுக்கும் கட்டுரையின் உரிமை பொதுவாக எழுதியவரிடமே நிற்கிறது. காசு வாங்கி எடுத்துக்கொடுத்த புகைப்படம் போன்றவற்றுக்குத்தான் விதி வேறு. கிருஷ்ணன் மாதிரி ஒருவர் இங்கே இருந்திருந்தால் அவர் கட்டுரைகளைத் தொகுக்கும் முன் வக்கீலைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். இரண்டு வரிக் கடிதம் போதும்: ஒருமுறை வெளியிடும் உரிமை உங்களுக்கு, பதிப்புரிமை எனக்கு. அந்த இரண்டு வரியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கேட்டால் அடுத்த கட்டுரை கிடைக்காதோ என்ற பயம். நாளைய பாடு என்று பார்த்தால், சேமநிதியில் சுயமாகப் பணம் கட்ட ஐ-சாரான் திட்டம் இருக்கிறது, சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ சமூகப் பாதுகாப்புக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாதம் எவ்வளவு வரும் என்றே தெரியாதவர் எதைக் கட்டுவது என்பது வேறு கேள்வி. அதனால்தான் பலர் எழுத்தோடு உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டியாகவும், திருமணப் புகைப்படக்காரராகவும், மொழிபெயர்ப்பாளராகவும் ஓடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு தமிழில் எழுதுகிறவருக்கு இந்த மண்ணில் அப்படி என்ன தனிச் சொத்து இருக்கிறது? இருக்கிறது. பால்வெட்டிய ஒரு பாட்டியிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும். கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும் என்பார். பால்குழாய்கள் மரத்தில் சற்றுச் சாய்ந்து ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும் என்று தாவரவியல் நூல் சொல்கிறது. பாட்டி அதைக் கை போகிற போக்கில் காட்டுவார். பட்டையைத் தாண்டி உளி மரத்தில் பட்டால் காயம், காயம் போட்டால் தண்டல் ஏசுவார். பொழுது விடியும் முன் நிரைக்குப் போவது ஏன், மழை நனைத்த பட்டையில் ஏன் வெட்டக்கூடாது, வெயில் காலத்தில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது பால் ஏன் குறையும், ரப்பர்க் காய் எந்த மாதம் பட்டென்று வெடித்துக் கொட்டை சிதறும் என்று சொல்லிக்கொண்டே போவார். இதை இயற்கை எழுத்து என்று நாம் எண்ணியதே இல்லை. தோட்டமே ஒற்றைப் பயிர், அதில் என்ன இயற்கை என்று காட்டை நோக்கிப் போய்விடுகிறோம்.

செம்பனை வந்த கதையும் அப்படித்தான். செம்பனையோடு எலி பெருகியது. எலியைப் பிடிக்கத் தோட்ட நிர்வாகங்கள் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை வளர்த்தன. கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று நம்பிய சனம், அதே கூகைக்குக் கூடு கட்டிய கம்பங்களுக்கு நடுவே வேலை செய்தது. அந்த நம்பிக்கை என்ன ஆனது, பயம் போனதா, பழகிப்போனதா? இதைக் கேட்டு எழுத லண்டனிலிருந்து வருகிறவரால் முடியாது. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வருகிறவராலும் முடியாது. மொழியும் உறவும் வேண்டும். ஆயாம்மா என்று கூப்பிட்டு வாசலில் உட்காரத் தெரிய வேண்டும்.

காலமும் குறைவு. லயத்தில் வாழ்ந்து, பெரட்டில் பெயர் கூப்பிடக் கேட்டவர்களில் பலருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. தோட்டம் போய்விட்டது, தமிழ்ப்பள்ளி பட்டணத்துக்கு நகர்ந்து, பெயரில் மட்டும் லாடாங் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை இப்போது கைபேசியில் படம் பிடித்துப் போடும் இளைஞர்கள் இருக்கிறார்கள், நல்லது. ஆனால் பெயர், ஆண்டு, நில அளவு, யாருக்கு விற்றது என்ற விவரம் இல்லாத ஏக்கம் பத்து நிமிடக் காணொளியோடு கரைந்துவிடும்.

பணத்துக்கு வழியே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துரைமார் விற்றுவிட்டுப் போகும் தோட்டத்தைப் பால்வெட்டுக்காரர்கள் வாங்குவதா என்று சிரித்தவர்கள் உண்டு. பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் வாங்கினார்கள். நிலத்துக்குச் சேர்ந்த காசு எழுத்துக்குச் சேராதா? அதுவும் இன்று காசு ஏற்கெனவே வேறு பெயரில் புழங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், சங்க ஆண்டு மலர் என்று பேராக்கில் வெளிவரும் மலர்களுக்குக் கணக்கில்லை. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வாழ்த்துச் செய்தி, விளம்பரம், பொறுப்பாளர்களின் படம். கோயில் வரலாறு என்ற தலைப்பில் இரண்டு பக்கம், போன மலரிலிருந்து எடுத்தது. அச்சுக்கும் விருந்துக்கும் ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவாகும் அந்த வேலையில், எழுதுகிறவருக்கு மட்டும் சால்வை.

அடுத்த மலர் போடப்போகும் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். வாழ்த்துரைகளில் ஐந்தைக் குறையுங்கள். அந்த இடத்தை ஓர் எழுத்தாளருக்குக் கொடுங்கள். ஒரு மாத வண்டிச் செலவும் அவர் விடும் வேலைநாள்களுக்கான கூலியும் முன்பணமாகத் தாருங்கள். உங்கள் தோட்டத்தின் முன்னாள் கிராணி, மந்தோர், பால்வெட்டுக்காரர், ஆயாக்கொட்டகை ஆயா ஆகியோரின் விலாசத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். நன்கொடைப் பட்டியலைத் திருத்துவது போல அவர் கட்டுரையைத் திருத்தாதீர்கள். பதிப்புரிமை எழுதியவருக்கே என்ற இரண்டு வரிக் கடிதத்தில் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு, மலர் அச்சுக்குப் போகும் முன் அவரிடம் சேர்த்துவிடுங்கள்.